தோற்றவன் ஏன் நெஞ்சில் நின்றான்? கர்ணன் குறித்த விடைகள்: ஒரு மதிப்பீடு

மகாபாரதப் போர் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செலுத்தும் நேரம். கர்ணனுக்கும் நீர் விடு, அவன் உனக்கு மூத்தவன் என்று குந்தி தருமனிடம் சொல்கிறாள். அதன்பின் சாந்தி பருவம் வெற்றிவிழாவோடு தொடங்குவதில்லை. வென்றவனின் புலம்பலோடு தொடங்குகிறது. சூதாட்டச் சபையில் கர்ணன் கொடுஞ்சொல் பேசியபோது தனக்குச் சினம் மூண்டதையும், அவன் கால்களைப் பார்த்ததும் அந்தச் சினம் அடங்கிப் போனதையும் தருமன் நினைவுகூர்கிறான். அந்தக் கால்கள் குந்தியின் கால்களைப் போலிருந்தன. காரணம் அன்று விளங்கவில்லை, இன்று விளங்குகிறது. அதற்குள் தம்பியின் அம்பால் அண்ணன் இறந்துவிட்டான்.

கர்ணன்மேல் ஏன் இந்தப் பற்று என்ற கேள்வியை முதலில் எழுப்பியவன் தருமன்தான் என்று இதைக் கொண்டு சொல்லலாம். அவனுக்குப் பின் நாடகாசிரியர்கள், காப்பியப் புலவர்கள், கூத்து வாத்தியார்கள், நாவலாசிரியர்கள், ஆய்வாளர்கள் என்று பலரும் அதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் வலுவையும் குறையையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

## கேள்வியின் வரையறை

காப்பியத்துக்கு இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம் ஒப்பற்ற ஒருவனைத் தலைவனாகக் கேட்கிறது. அந்த அளவுகோலின்படி பாரதத்தில் அர்ச்சுனனோ தருமனோ தலைவனாகலாம். வில்லாற்றல், தெய்வத் துணை, இறுதி வெற்றி எல்லாம் அர்ச்சுனனிடம் உள்ளன. எனினும் ஈகைக்கு உவமை சொல்ல வரும்போது தமிழர் நாவில் முதலில் எழுவது கர்ணன் பெயர். மேடைகளில் இறக்கும்போது அவையை அழவைப்பவனும் அவனே.

ஆகவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. நூல் யாரைத் தலைவனாக நிறுத்துகிறது என்பது ஒன்று. படிப்போரும் பார்ப்போரும் யாரைத் தமக்குரியவனாக ஏற்கிறார்கள் என்பது மற்றொன்று. முன்னதற்கு இலக்கணம் விடை சொல்லும். பின்னதற்கு அப்படி ஒரே விடை கிடைப்பதில்லை.

## முதல் விடை: விதை மூலத்திலேயே உள்ளது

வியாச பாரதமே கர்ணனை நேசிக்கத்தக்கவனாகப் படைத்திருக்கிறது, பின்வந்தோர் அதைக் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான் என்பது முதல் நிலைப்பாடு. இதற்கு முதன்மையான சான்று உத்தியோக பருவம். தூது முடிந்து திரும்பும் கண்ணன் கர்ணனைத் தனியே தேரில் ஏற்றிக்கொண்டு, நீ குந்தியின் மூத்த மகன், அரியணை உனக்குரியது என்கிறான். கர்ணன் மறுக்கிறான். அதிரதனும் ராதையும் வளர்த்த அன்பையும், துரியோதனன் தன்னை நம்பிப் போரில் இறங்கியிருப்பதையும் காரணமாகச் சொல்கிறான். இந்த உண்மையைத் தருமனிடம் சொல்லாதே என்றும் கேட்டுக்கொள்கிறான். தருமனுக்குத் தெரிந்தால் அரசைத் தனக்குத் தந்துவிடுவான், தான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன் என்பது அவன் கணிப்பு. எந்தப் பக்கம் தோற்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சபையில் பாண்டவரிடம் பேசிய கடுஞ்சொற்களுக்காக வருந்துவதும் இந்த உரையாடலில்தான்.

தோல்வியை அறிந்தே ஒருவன் தோற்கும் பக்கத்தில் நிற்கிறான். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், துன்பியல் நாடகத்துக்கு ஏற்றவன் முழு நல்லவனோ முழுத் தீயவனோ அல்லன், பெரும்பிழை ஒன்றால் வீழும் இடைநிலை மனிதன் என்றார். கர்ணனை அந்தச் சட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பது திறனாய்வாளர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

குறை என்னவென்றால், அதே மூலத்தில் வேறொரு கர்ணனும் இருக்கிறான். கந்தர்வர்களோடு நடந்த சண்டையில் துரியோதனனை விட்டுக் களத்தை நீங்கியவன் அவன். விராடனின் ஆநிரை மீட்புப் போரில் அர்ச்சுனனிடம் தோற்றவன். அபிமன்யுவின் வில்லைப் பின்னிருந்து அறுத்தவன். கவச குண்டலங்களைக்கூட மூலத்தில் அவன் வெறுங்கையோடு தந்துவிடவில்லை. சூரியனின் அறிவுரைப்படி இந்திரனிடம் சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். கொடை அங்கே பாதி பண்டமாற்று. விதை மூலத்தில் இருந்தது உண்மை. அந்த ஒரு விதை மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது.

## இரண்டாம் விடை: மறுகூறல்கள் வளர்த்த கர்ணன்

நாம் நேசிக்கும் கர்ணன் பிற்காலத்தவன் என்பது இரண்டாம் நிலைப்பாடு. புனேயின் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த பாரதச் செம்பதிப்பு இதற்குப் பெரும் வலுச் சேர்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு உருவான பதிப்பு அது. சுயம்வர மண்டபத்தில் கர்ணன் வில்லை எடுத்ததும், சூதன் மகனை மணக்கமாட்டேன் என்று திரௌபதி சொல்வது பலரும் அறிந்த காட்சி. சுவடிகளில் அதற்குப் போதிய ஆதரவில்லாததால், செம்பதிப்பில் அது மூலப் பகுதியிலிருந்து நீங்கி அடிக்குறிப்புக்குப் போனது. கர்ணன் பட்ட அவமானங்களில் மிகவும் நினைவுகூரப்படும் ஒன்று இப்படிப் பிற்சேர்க்கையாக இருக்கக்கூடும் என்றானது.

கர்ணனைத் தூய்மைப்படுத்தும் வேலை மிகப் பழையது. பாசனுடையதாகக் கருதப்படும் ‘கர்ணபாரம்’ என்ற ஓரங்க நாடகத்தில் இந்திரன் போர்க்களத்துக்கே வந்து கவசத்தைக் கேட்கிறான். கொடுத்ததற்கு ஈடு வாங்கக் கர்ணன் முதலில் மறுக்கிறான். மூலத்தில் பண்டமாற்றாக இருந்தது இங்கே கொடையாகிவிடுகிறது. கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டில் பம்பன் பாடிய ‘விக்ரமார்ச்சுன விஜயம்’ இன்னும் வியப்பானது. தம்மைப் புரந்த அரிகேசரியை அர்ச்சுனனோடு ஒன்றுபடுத்திப் பாடியவர் பம்பன். அத்தகைய நூலிலேயே, பாரதத்தில் ஒருவரை நினைப்பதானால் கர்ணனை நினையுங்கள் என்ற கருத்தை அவர் பதித்துவிட்டார். புரவலனின் பெயர் அர்ச்சுனனுக்குப் போனது, புலவரின் நெஞ்சு கர்ணனுக்குப் போனது.

தமிழில் இந்த வளர்ச்சியின் உச்சம் வில்லிபுத்தூரார் பாரதம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆன அந்நூலில் இரண்டு இடங்கள் தமிழ்க் கர்ணனை நிலைநிறுத்தின. ஒன்று குந்தியின் சந்திப்பு. நாகக்கணையை இருமுறை தொடுக்கக் கூடாது, மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது என்று அவள் கேட்கிறாள். தான் களத்தில் வீழ்ந்தால் எல்லோரும் அறியத் தன்னை மகன் என்று சொல்லி, மடியில் கிடத்திப் பாலூட்ட வேண்டும் என்று அவன் கேட்கிறான். மற்றொன்று பதினேழாம் நாள் போர். முதிய அந்தணனாக வரும் கண்ணன், வீழ்ந்து கிடப்பவனிடம் அவன் செய்த புண்ணியம் முழுவதையும் கேட்க, கர்ணன் தன் குருதியாலேயே தாரை வார்த்துத் தருகிறான். பின் வரம் கேள் என்றபோது, இனிப் பிறவி உண்டானால் இல்லையென்று சொல்லாத மனத்தைக் கேட்கிறான். வியாச மூலத்தில் இந்தக் கொடை இல்லை. நாகக்கணையை இரண்டாம் முறை தொடுக்காததற்கும் அங்கே தாய்க்குத் தந்த வாக்கு காரணமில்லை. பிறர் வலிமையால் வெல்ல விரும்பாத தன்மானமே காரணம்.

வில்லியின் வழியில் வந்த ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்து இக்காட்சிகளை ஊர்களுக்குக் கொண்டுபோனது. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவிலும், இறப்புச் சடங்கை ஒட்டிய இரவுகளிலும் அது ஆடப்படுகிறது. கர்ணனின் மனைவி பொன்னுருவிக்கு அங்கே தனி இடம் உண்டு. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது முதலில் எடுத்தவற்றுள் ஒன்று ‘கர்ணன் போர்’. 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த ‘கர்ணன்’ திரைப்படம் கூத்து எட்டாத இடங்களுக்கும் போனது. 2012இல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது புதிய தலைமுறையும் திரையரங்குக்குத் திரண்டது.

இந்த விடை கர்ணன் எப்படி வளர்ந்தான் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏன் அவனை மட்டும் வளர்த்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பாரதத்தில் அநீதிக்கு ஆளானவர்கள் பலர். பம்பன், வில்லி, கூத்து வாத்தியார்கள் என்று ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களும் அவனையே தேர்ந்தெடுத்ததற்கு மறுகூறல் விளக்கமாகாது. மறுகூறலே விளக்கப்பட வேண்டிய ஒன்றாக நிற்கிறது.

## மூன்றாம் விடை: கொடையும் செஞ்சோற்றுக் கடனும்

தமிழ்ச் சூழலுக்கே உரிய விடை இது. பாரியையும் பேகனையும் போற்றிய சமூகத்தில் கொடையாளி வீரனுக்குக் குறைந்தவன் அல்லன். பிற்கால வள்ளல் வரிசையில், கடையெழு வள்ளல்களுக்கு முந்தைய இடையெழு வள்ளல்களுள் கர்ணன் சேர்க்கப்பட்டான். வேற்றுமொழிக் காவியத்தின் பாத்திரம் தமிழ்ப் புரவலர் மரபில் இடம்பெற்றது சிறிய செய்தி அன்று.

கொடையோடு நன்றியும் சேர்கிறது. இட்ட சோற்றுக்கு உயிரால் ஈடு செய்வது போர்மறவனின் அறம் என்ற எண்ணம் தமிழில் ஆழமாக வேரூன்றியது. வில்லியின் கர்ணன் குந்தியிடம் துரியோதனனின் நம்பிக்கையை நினைவுகூரும் இடம் புகழ்பெற்றது. துரியோதனனின் மனைவியோடு தனித்திருந்தபோது அவள் மேகலை அறுந்து மணிகள் சிதறின. அங்கே வந்த துரியோதனன் சிறிதும் ஐயுறாமல், அவற்றைத் தான் பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா என்பதுபோலக் கேட்டான். அந்த ஒரு நம்பிக்கைக்கு ஈடாக அரியணையையும் உடன்பிறப்பையும் விடலாம் என்பது கர்ணனின் கணக்கு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கே நல்ல கருவியாகும். பெருமிதம் பிறக்கும் இடங்களாக அது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கைச் சொல்கிறது. பரசுராமரிடம் பெற்ற வில்வித்தை, அஞ்சாமை, உயிரைவிட மேலாக மதித்த இசை, ஈகை என நான்கும் கர்ணனிடம் உண்டு. அழுகைக்கு நிலைக்களன்களாக அது சொல்பவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. அரங்கேற்றக் களத்தில் பிறப்பைக் கேட்டு எள்ளப்பட்டது இளிவு. தாயை இழந்தது இழவு. தனக்குரிய நிலையிலிருந்து சரிந்தது அசைவு. பெருமிதமும் அழுகையும் ஒரே பாத்திரத்தில் இவ்வளவு நிறைவாகக் கூடுவது அரிது. அர்ச்சுனனிடம் பெருமிதம் உண்டு, அழுகைக்கு இடம் குறைவு. அபிமன்யு இறக்கும்போது இரண்டும் உண்டு, ஆனால் அவன் வாழ்வு குறுகியது.

இந்த விடையின் குறை அறம் சார்ந்தது. நன்றி என்ற பெயரில் அநீதிக்குத் துணைபோகலாமா? விதுரனும் அதே அரண்மனையில் உண்டு வாழ்ந்தவன்தான். எதிர்த்துப் பேசவும் செய்தான், கடைசியில் தன் வில்லை முறித்துப்போட்டான் என்று தமிழ் மரபு சொல்கிறது. செஞ்சோற்றுக் கடன் கர்ணனின் நிலையை விளக்கலாம், நியாயப்படுத்துகிறதா என்பது வேறு. அத்துடன் இந்த விடை தமிழுக்குப் பொருந்தும் அளவுக்கு மராத்திக்கும் வங்கத்துக்கும் பொருந்துமா என்பதும் ஐயமே. கர்ணன்மேல் பற்று இந்தியா முழுவதும் இருக்கிறது.

## நான்காம் விடை: பிறப்பால் மறுக்கப்பட்டவன்

இருபதாம் நூற்றாண்டில் மேலோங்கிய விடை சமூகம் சார்ந்தது. தகுதி இருந்தும் பிறப்பின் பெயரால் தடுக்கப்பட்டவன் கர்ணன். அவனில் தம்மைக் காண்பவர்கள் பலர். இந்தியில் ராம்தாரி சிங் தினகர் 1952இல் வெளியிட்ட ‘ரஷ்மிரதி’ இந்தக் கருத்தைக் காவியமாக்கியது. மராத்தியில் சிவாஜி சாவந்தின் ‘மிருத்யுஞ்ஜய்’ 1967இல் வெளிவந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. 2021இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘கர்ணன்’ படம், பேருந்து நிற்காத ஓர் ஊரின் இளைஞனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பெயரை மட்டும் எடுத்தாலே போதும், ஒரு வரலாறு முழுவதும் உடன்வரும் என்ற நிலை உருவாகிவிட்டது.

இதை ஒட்டிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சூதர்கள் தேரோட்டியவர்கள் மட்டுமல்லர், கதை சொன்னவர்களும்கூட. நைமிசாரணியத்தில் முனிவர்களுக்கு முழுப் பாரதத்தையும் சொல்லும் உக்கிரசிரவசு சூத மரபினர். களத்தில் நடந்ததைத் திருதராட்டிரனுக்குச் சொல்லும் சஞ்சயனும் சூதனே. சூதன் மகன் என்று இகழப்பட்டவனின் கதை சூதர்களின் வாய்வழியே நம்மை வந்தடைகிறது. கர்ணன்மீதான பரிவுக்கு இது காரணமாயிற்று என்று நிறுவச் சான்று இல்லை. எனினும் கதை யார் வாயில் வளர்ந்தது என்பதை இந்தக் கேள்வியிலிருந்து ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்த விடைக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. கர்ணன் உண்மையில் சூதன் மகன் அல்லன். அரசகுலத்துப் பெண்ணுக்குச் சூரியனால் பிறந்தவன். அவன் திறமைக்குக் கதை தரும் விளக்கமும் அதே பிறப்புத்தான். பிறப்பை மீறிய தகுதியின் அடையாளமாக நாம் கொண்டாடுபவன், கதையின் உள்ளோட்டத்தில் பிறப்பின் வலிமைக்குச் சான்றாகவும் நிற்கிறான். இந்த விடை முழு உண்மையானால் ஏகலைவனே நமக்கு நெருங்கியவனாக இருந்திருக்க வேண்டும். மறைந்த அரச பிறப்பு அவனுக்கு இல்லை, கட்டைவிரலையும் இழந்தான். இருந்தும் கர்ணனுக்கு அமைந்த அளவு காப்பியமும் கூத்தும் பழைய மரபில் அவனுக்கு அமையவில்லை. நம் பரிவிலும் ஒரு படிநிலை இருந்திருக்கிறது என்பதை இது காட்டலாம்.

## ஐந்தாம் விடை: தாய் மறுத்த பிள்ளை

சாதியையும் கொடையையும்விட ஆழத்தில் இருப்பது ஆற்றில் விடப்பட்ட குழந்தை என்பது இன்னொரு நிலைப்பாடு. தாகூர் 1900ஐ ஒட்டி எழுதிய ‘கர்ண குந்தி சம்பாத்’ கவிதை நாடகத்தில் போரும் அரசும் பின்னுக்குப் போய், மாலை வெளிச்சத்தில் ஒரு தாயும் மகனும் மட்டுமே நிற்கிறார்கள். வில்லியின் கர்ணன் கேட்கும் வரமும் இதே உள்ளத்திலிருந்து எழுவதுதான். நாடாள வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. பலர் அறிய மகன் என்று சொல்லும் ஒரு சொல்லைக் கேட்டான்.

கூத்தின் முன்வரிசையில் குந்தி புலம்பும் நேரத்தில் பெண்கள் அழுவதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. இறந்தவருக்கான சடங்கு இரவில் ‘கர்ண மோட்சம்’ ஆடப்படுவதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. உயிரோடிருந்தபோது சொல்லாமல் விட்டதை இறந்தபின் சொல்லி அழும் துயரம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

இதன் பலவீனம் இதன் அகலமே. கைவிடப்பட்ட குழந்தைகள் உலகக் கதைகளில் நிறைய உண்டு. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விளக்கம், ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட மக்கள் ஏன் அவனைத் தேர்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

## மறுப்பு: சபையில் பேசிய கர்ணன்

இந்த விடைகள் அனைத்தையும் நோக்கி ஒரு வலுவான மறுப்பு எழுந்திருக்கிறது. திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்தபோது அவளுக்காகப் பேசிய விகர்ணனை அடக்கியவன் கர்ணன். அவளை இழிபெயரிட்டு அழைத்தவனும், ஆடைகளைக் களையச் சொன்னவனும் அவனே. இந்தப் பகுதி செம்பதிப்பின் மூலத்திலேயே இருக்கிறது, பிற்சேர்க்கை என்று தள்ள வழியில்லை. பாரதியாரும் இதை மழுப்பவில்லை. 1912இல் முதற்பகுதி வெளிவந்து, மறுபகுதி அவர் மறைவுக்குப் பின் அச்சான ‘பாஞ்சாலி சபத’த்தில் விகர்ணனுக்கு மறுமொழி சொல்லும் கர்ணன் நம் பரிவுக்கு இடம் தருவதில்லை.

மானிடவியலாளர் இராவதி கர்வே மராத்தியில் எழுதி, 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘யுகாந்த’ நூலில் கர்ணனைக் கூர்மையாக மதிப்பிட்டார். தான் யார் என்ற கேள்வியே அவன் வாழ்வின் மையம்; தன்னை நிரூபிக்கும் வேட்கையில் நெருக்கடியான நேரங்களில் அவன் பெருந்தன்மையைத் தவறவிட்டான்; துரியோதனனோடு அவனுக்கிருந்தது சமமானவர்களின் நட்பு அன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

மறுப்பு இத்தோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் வியப்பு. திரௌபதியை நடுவில் வைத்து எழுதியவர்களும் கர்ணனை விட்டு விலக முடியவில்லை. பி. கே. பாலகிருஷ்ணன் 1973இல் மலையாளத்தில் எழுதி, தமிழிலும் வந்த ‘இனி நான் உறங்கட்டும்’ நாவலில் போருக்குப் பின் கர்ணனின் உண்மையை அறிந்து தூக்கமிழப்பவள் திரௌபதி. பிரதிபா ராயின் ஒடிய நாவல் ‘யாக்ஞசேனி’யிலும் அவன் அவள் மனத்தில் இடம்பெறுகிறான். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அவமதிக்கப்பட்டவளையே மன்னிக்கவைத்து அவனுக்கு விடுதலை வாங்கித்தரும் முயற்சியாகப் படிக்கலாம். குற்றத்தை மறக்காமலே துயரத்தையும் காணும் முயற்சியாகவும் படிக்கலாம். முதல் ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

## ஒப்பீடு: சாத்தானும் இராவணனும்

தலைவனை விடுத்து எதிரியை நேசிக்கும் வாசகர் சிக்கல் வேறு மொழிகளிலும் பேசப்பட்டது. 1667இல் வெளிவந்த மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காப்பியத்தில் சாத்தானே மேலோங்கி நிற்கிறான் என்பது பழைய வழக்கு. மில்டன் தம்மையறியாமல் சாத்தானின் பக்கம் இருந்தார் என்று வில்லியம் பிளேக் கருதினார். சி. எஸ். லூயிஸ் 1942இல் அதை மறுத்து, சாத்தானின் தன்முனைப்பைச் சுட்டினார். சாத்தானிடம் மயங்குவதே வாசகனுக்கு வைக்கப்பட்ட சோதனை, அந்த மயக்கத்தால் தன் வீழ்ச்சியை அவன் உணர்கிறான் என்று ஸ்டான்லி ஃபிஷ் 1967இல் வாதிட்டார்.

தமிழில் இதற்கு இணை கம்பனின் இராவணன். வ. வே. சு. ஐயர் அவனைச் சாத்தானோடு ஒப்பிட்டு எழுதினார். திராவிட இயக்கம் அவனை மீட்டெடுத்தது; புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல் தடை நீங்கியது.

ஆயினும் வேறுபாடு முக்கியமானது. இராவணனை நேசிக்க ஒருவர் பெரும்பாலும் இராமனுக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பற்றில் ஓர் அரசியல் தேர்வு உண்டு. கர்ணனை நேசிக்க அப்படிப் பக்கம் மாற வேண்டியதில்லை. கண்ணனை வணங்கும் வீட்டிலேயே, திரௌபதியம்மன் கோயில் திருவிழாவிலேயே கர்ணனுக்காக அழ முடிகிறது. கர்ணனின் எதிரிகளே அவன் தம்பிகள் என்பது இதைச் சாத்தியமாக்குகிறது எனலாம்.

## மதிப்பீடு

தொகுத்துப் பார்த்தால் எந்த விடையும் தனியே போதவில்லை. மூலம் விதையைத் தந்தது, எதிரான சான்றுகளையும் தந்தது. மறுகூறல்கள் அவனை வளர்த்தன, காரணத்தைச் சொல்லவில்லை. கொடை தமிழுக்குப் பொருந்துகிறது, அறக் கேள்வியை விட்டுவைக்கிறது. பிறப்பு பற்றிய விடை நம் காலத்துக்கு மிக அவசியமானது, ஏகலைவன் முன்னால் தடுமாறுகிறது. தாய் பற்றிய விடை எல்லோரையும் தொடுகிறது, அதனாலேயே நுட்பம் குறைகிறது. சபைக் காட்சியின் மறுப்புக்கு இவை எதிலும் முழு மறுமொழி இல்லை.

இவற்றுக்குப் பொதுவான இழை ஒன்று உண்டென்றால் அது கடன் என்று இக்கட்டுரை கருதுகிறது. கர்ணனின் கதையில் எல்லோரும் அவனுக்குக் கடன்பட்டவர்கள். குந்தி ஒரு சொல் கடன்பட்டாள், இந்திரன் கவசத்துக்கும் கண்ணன் புண்ணியத்துக்கும் கடன்பட்டார்கள், நால்வர் உயிருக்குக் கடன்பட்டார்கள். துரியோதனனுக்கு அவன் பட்ட கடனை மட்டும் அவன் உயிரால் தீர்த்தான். அவனுக்கு வர வேண்டியவை வந்துசேரும் முன் கதை அவனை முடித்துவிடுகிறது. தீராத அந்தக் கணக்கை ஒவ்வொரு காலமும் தன்னிடமுள்ள நாணயத்தால் தீர்க்கப் பார்க்கிறது. பாசன் தூய கொடையைத் தந்தார், வில்லி தாய் மடியைத் தந்தார், கூத்து மோட்சத்தைத் தந்தது, தினகர் சமூக நீதியைத் தந்தார். மறுகூறல்கள் ஏன் அவனிடமே திரும்பத் திரும்ப வந்தன என்பதற்கு இது ஓரளவு விளக்கமாகலாம். ஆனால் அவன் திரௌபதிக்குப் பட்ட கடனும் அதே கணக்கில் உண்டு. அதை எழுதாமல் விட்ட எந்த மறுகூறலும் முழுமையானது என்று சொல்ல முடியாது.

திறந்திருக்கும் கேள்விகள் இன்னும் உள்ளன. கூத்து பார்க்கும் பெண்களும் ஆண்களும் ஒரே கர்ணனுக்காகத்தான் அழுகிறார்களா? சாதிக் கொடுமையை நேரடியாக எழுதும் இலக்கியம் வலுத்த பின்னும் மறைமுக அடையாளமாகக் கர்ணன் தேவைப்படுவானா? நூலில் படிப்பவரின் பற்றும் களத்தில் பார்ப்பவரின் பற்றும் ஒன்றா? கள ஆய்வும் சுவடி ஆய்வும் சேர்ந்தால்தான் இவற்றுக்கு விடை தெளியும்.

தருமனின் நினைவு இவற்றுக்கெல்லாம் ஒரு வழிகாட்டியாகத் தோன்றுகிறது. கர்ணனின் வாழ்வில் மிக இழிந்த கணம் அந்தச் சபையில் நிகழ்ந்தது. அதே கணத்தில்தான் அவன் கால்களில் தாயின் சாயலைத் தருமன் கண்டான். கொடுஞ்சொல் காதில் விழுந்துகொண்டிருக்க, கண் அந்தக் கால்களை விட்டு அகலவில்லை. இரண்டில் எது பொய் என்று பின்னாளிலும் அவன் சொல்லவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாகக் கர்ணனைப் படிப்பவர்கள் நிற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.